காவியா, மஞ்சட்காவியா, மண்மஞ்சளா? ஒரு நிறச்சொல்லைத் தேர்ந்தெடுப்பது குறித்து

சென்ற ஆண்டு ஏறத்தாழ ஒரே சமயத்தில் மூன்று மொழிபெயர்ப்பு வேலைகள் என்னிடம் வந்தன. ஒன்று, கோயில் சுவரோவியங்களின் பாதுகாப்பைப் பற்றிய அறிக்கை. இன்னொன்று, பறவைகளை அடையாளம் காண்பதற்கான கையேடு. மூன்றாவது, மண்ணியல் பாடநூலின் இரண்டு இயல்கள். மூன்றிலும் ‘ஓக்ரியஸ்’ என்ற ஆங்கில அடைமொழி இருந்தது (‘ஓக்கர்’ என்னும் மண்ணைச் சார்ந்த, அல்லது அதன் மங்கிய பழுப்பு கலந்த மஞ்சள் நிறமான என்று பொருள்); மூன்றிலும் யோசிக்காமல் ‘காவி நிற’ என்று எழுதி அனுப்பினேன். அறிக்கையையும் பாடநூலையும் படித்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பறவைக் கையேட்டின் ஓவியரோ, என் தமிழ் வாசகத்தை நம்பி, ஒரு சின்னஞ்சிறு பறவையின் வயிற்றைச் சாமியார் வேட்டியின் நிறத்தில் தீட்டிக் கொடுத்துவிட்டார். அவர்மேல் பிழை சொல்ல இடமில்லை. நான் எழுதியதைத்தான் அவர் வரைந்தார்.

படத்தை மறுபடியும் வரைய வேண்டியதாயிற்று. அதன்பின், இந்தச் சொல்லுக்குத் தமிழில் எதை வைப்பது என்று முடிவு செய்யாமல் அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை என்று உட்கார்ந்தேன். கைவசம் இருந்தவை காவி, மஞ்சட்காவி, பழுப்பும் மஞ்சளும் சேர்ந்த கூட்டுச்சொற்கள், மண்மஞ்சள், ‘ஓக்கர்’ என்றே ஒலிபெயர்த்துவிடுவது ஆகிய ஐந்தும், ஒதுக்கிவிடலாம் என்று உடனே தோன்றிய வேறு சிலவும். ஒவ்வொன்றும் ஓரிடத்தில் பொருந்தி இன்னோரிடத்தில் இடறியது. ஆங்கிலச் சொல் மூன்று வேலைகளைத் தானே பார்த்துக்கொள்வதுதான் அதற்குக் காரணம் என்று பிறகு புரிந்தது. ஒரு களிமண்ணிலோ மணற்பாறையிலோ இன்ன பொருள் கலந்திருக்கிறது என்று சில இடங்களில் அது சொல்லும். ஒரு வண்ணப்பூச்சு அந்தப் பொருளால் ஆனது என்று வேறு சில இடங்களில் சொல்லும். பறவையின் இறகையும் காளானின் தொப்பியையும் பற்றிப் பேசும்போது பொருள் என்ற பேச்சுக்கே இடமில்லை. பார்த்தால் அந்த நிறமாகத் தெரிகிறது என்பதோடு நின்றுவிடும்.

பொருள் எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஓக்கர் என்பது இரும்பு கலந்த மண். மஞ்சள் வகைக்கு நிறம் தருவது கோதைட் என்னும் கனிமம். அதன் கட்டமைப்பிலேயே நீரின் கூறு இருக்கிறது. சிவப்பு வகைக்கு நிறம் தருவது, அந்த நீர் இல்லாத ஹேமடைட். மஞ்சள் வகையை ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் நீர் வெளியேறிச் சிவப்பாகிவிடும். இதைப் படித்தால் போதாது, பார்க்க வேண்டும் என்று தோன்றியதால், பழைய இரும்பு வாணலி ஒன்றில் இரண்டு கரண்டி மஞ்சள் மண்பொடியைப் போட்டு, ரவை வறுப்பதுபோலக் கிளறிக்கொண்டிருந்தேன். முதலில் வாணலியின் அடியில் ஒட்டியிருந்த பொடி செங்கல் நிறத்துக்குப் போனது. கிளறக் கிளற மஞ்சளுக்கு நடுவே சிவப்புத் திட்டுகள் பெருகின. அடுப்பை அணைத்தபோது நாட்டு மருந்துக் கடையில் விற்கும் காவிப்பொடிக்கும் அதற்கும் என் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. அந்த வாணலியில் இனி எதையும் வறுக்கக் கூடாது என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது வேறு கதை.

பிரான்சின் தெற்கே உள்ள ரூசியோன் என்ற ஊரில் இதையே பெரிய தொழிலாகச் செய்தார்கள். குன்றிலிருந்து வெட்டிய மணலை நீரோடு ஓடவிட்டால், கனத்த மணல் வழியிலேயே தங்கிவிடும். நுண்ணிய வண்ணத்துகள் நீரோடு தொட்டிக்குப் போய்ச் சேரும். தொட்டியில் படிந்ததை வெயிலில் காயவைத்துக் கட்டிகளாக வெட்டி எடுத்து, சிவப்பு வேண்டுமென்றால் சூளையில் சுடுவார்கள். ஆக, மஞ்சளும் சிவப்பும் ஒரே மண்ணின் இரண்டு நிலைகள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வெறுமனே ஓக்கர் என்று சொன்னால் பெரும்பாலும் சுடாத மஞ்சள் நிலைதான் மனத்தில் வரும். சிவப்பைக் குறிக்க ‘சிவப்பு’ என்ற அடை சேர்க்க வேண்டும். தமிழில் இது தலைகீழ். ‘காவி’ என்றால் சிவப்பு. மஞ்சளுக்குத்தான் அடை வேண்டும். நான் பறவையின் வயிற்றில் இடறி விழுந்தது இந்தப் பள்ளத்தில்தான்.

காவியை எடுத்துக்கொள்வோம். இதன் பக்கம் நியாயம் நிறையவே இருக்கிறது. கல்லின் பெயராகவும் வண்ணத்தின் பெயராகவும் தமிழில் வேரூன்றிய சொல் இது ஒன்றுதான். மார்கழிக் கோலத்தின் விளிம்பில் இழுக்கும் பட்டை, கோயில் மதிலில் வெள்ளைக்கு அடுத்து வரும் பட்டை, வெற்றிலை போட்டுப்போட்டுப் பல்லில் ஏறிய கறை என எல்லாவற்றையும் காவி என்றுதான் சொல்கிறோம். துறவியின் ஆடைக்கும் இக்கல்லுக்கும் உள்ள உறவு மிகப் பழையது: முல்லைப்பாட்டில் ‘கற்றோய்த் துடுத்த படிவப் பார்ப்பான்’ வருகிறான், அவன் ஆடையைத் தோய்த்த கல் காவிக்கல் என்பது உரை. இவ்வளவு வாழ்ந்த சொல்லை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவது முதலில் எனக்கே மனத்துக்கு ஒப்பவில்லை.

ஆனால் மேலே சொன்ன பொருள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், கோலக்காவி செங்கல் சிவப்பு, பற்காவி கருஞ்சிவப்பு, துறவாடை செம்மஞ்சள், தேசியக் கொடியின் மேற்பட்டையையும் நம் பள்ளிப் புத்தகங்கள் காவி என்றே சொல்கின்றன, அது இன்னும் பளிச்சென்ற செம்மஞ்சள். இத்தனை நிறங்களுக்கு இடம் கொடுத்த சொல், நமக்கு வேண்டிய மங்கிய பழுப்பு கலந்த மஞ்சளுக்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை. போதாக்குறைக்குச் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் இச்சொல் இன்று நிறத்தைவிட அரசியலையே முதலில் நினைவூட்டுகிறது. பறவைக் கையேடு படிப்பவரின் மனம் ஒரு கணம் அந்தப் பக்கம் போய்த் திரும்புவதுகூட வீண் அலைச்சல்தான். பழம்பாடல்களில் காவி என்றால் குவளைப் பூவும் உண்டு. ‘காவிக் கண்’ என்றால் குவளை போன்ற கண். அது இன்றைய வாசகரைக் குழப்பப் போவதில்லை என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டு இடங்களில் மட்டும் காவியை மாற்றக் கூடாது என்று முடிவு செய்தேன். ஒன்று, வரலாற்று நூல்களில் வரும் காவி வண்ண மட்பாண்டப் பண்பாடு. கங்கை யமுனைச் சமவெளியில் பிசௌலி, ராஜ்பூர் பர்சு ஆகிய இடங்களில் தொல்லியலாளர் பி.பி. லால் நடத்திய அகழாய்வுகளோடு அறிமுகமான பெயர் இது. அந்த ஓடுகள் செம்மஞ்சள் முதல் சிவப்பு வரையான நிறத்தில் இருக்கும். தேய்த்தால் விரலில் ஒட்டும். நிறமும் ஒத்துப்போகிறது, பாடநூல்களிலும் பெயர் நிலைத்துவிட்டது. அதைத் திருத்தப் புகுந்தால் மாணவர்கள் இரண்டு பண்பாடுகள் இருந்தன என்று எண்ணிக்கொள்வார்கள். மற்றொன்று, கனிமச் சட்ட ஆவணங்கள். 2015 பிப்ரவரியில் நடுவண் அரசு சிறு கனிமங்களாக அறிவித்த 31 கனிமங்களில் ஓக்கரும் உண்டு. சட்டத்துக்கு மஞ்சள், சிவப்பு என்ற பாகுபாடு தேவையில்லை. இரண்டும் அடங்க வேண்டும். அங்கே ‘காவிமண்’ என்று பொதுப்பெயராக எழுதுவதே சரி.

அடுத்தது மஞ்சட்காவி. மஞ்சளும் காமாலையும் சேர்ந்து மஞ்சட்காமாலை ஆனதுபோல, புணர்ச்சி விதிப்படி அமைந்த, உறுத்தாத சொல். இதன் வலிமை அதன் ஈற்றுச்சொல்லில் இருக்கிறது. தமிழ்க் கூட்டுச்சொல்லில் கடைசியில் நிற்பதுதான் தலைமைப் பொருள் என்பதால், மஞ்சட்காவி என்றால் முதலில் அது காவி, அதாவது ஒரு மண். அந்த மண்ணில் மஞ்சள் வகை. சுவரோவிய அறிக்கைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. 1930களில் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் சித்தன்னவாசல், தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களை ஆராய்ந்தபோது, அவற்றின் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இரும்பு மண்ணே ஆதாரம் என்று கண்டார். அத்தகைய அறிக்கையில் வெறுமனே ‘மஞ்சள் நிறம்’ என்று எழுதிவிட்டுப் போக முடியாது. சுண்ணாம்புச் சுவரில் எந்த மஞ்சள் நிற்கும், எது நிற்காது என்பதுதான் அங்கே முழுக் கேள்வி. சமையல் மஞ்சளைச் சுண்ணாம்போடு சேர்த்தால் என்ன ஆகும் என்பது ஆரத்தி கரைத்த எவருக்கும் தெரியும்: தட்டில் இருப்பது கண்முன்னே சிவந்துவிடும். சிவக்காமல் தப்பினாலும் வெளிச்சம் பட்டு வெளுத்துப்போகும். அரிதாரம் ஆர்செனிக் கலந்த நச்சுக் கனிமம். பளிச்சென்ற பொன் மஞ்சள். இரும்பு மண்ணோ சுண்ணாம்புக்கும் அசையாது, வெயிலுக்கும் அசையாது. மஞ்சள், அரிதாரம், மஞ்சட்காவி என்று மூன்று பொருளுக்கு மூன்று பெயர் கைவசம் இருக்கும்போது, பாதுகாப்பாளர் படிக்கும் அறிக்கையில் அவற்றைக் கலந்துவிடுவது பொறுப்பில்லாத வேலை. சிவப்புக்குச் செங்காவி என்று எழுதினால் இணையும் அமைந்துவிடுகிறது.

ஆனால் இதே வலிமைதான் பறவைக் கையேட்டில் குறையாகிறது. பறவையின் வயிற்றில் மண் இல்லை. ‘மஞ்சட்காவி நிற வயிறு’ என்று எழுதினால் ‘காவி’ என்ற ஒலி காதில் விழுந்த மறுகணமே கண் செம்மஞ்சளுக்குப் போய்விடுகிறது. முன்னால் நின்ற ‘மஞ்சள்’ அதைத் தடுத்து நிறுத்தப் போதுமானதாக இல்லை. திருத்திய வாசகத்தை ஓவியரிடம் சொல்லிப் பார்த்தேன். “கொஞ்சம் மஞ்சள் கூட்டட்டுமா?” என்று கேட்டார், ஆரஞ்சிலிருந்து அவர் விலகவே இல்லை.

மண்ணியல் பாடநூல் வேறொரு வகையில் சோதித்தது. அங்கே காவிப்பொருள் கலந்த களிமண் என்ற பொருளில் சில இடங்களிலும், மண்ணின் வெறும் நிறத்தைச் சொல்லும் பொருளில் சில இடங்களிலும் அச்சொல் வந்தது. முதல் வகைக்கு ‘மஞ்சட்காவி கலந்த களி’ என்று எழுதினால் முடிந்தது. ‘கலந்த’ என்ற ஒரு பெயரெச்சம், ஆங்கிலச் சொல்லின் விகுதி மறைத்து வைத்திருப்பதை வெளியே கொண்டுவந்துவிடுகிறது. இரண்டாம் வகைக்குத்தான் பழுப்பும் மஞ்சளும் சேர்ந்த கூட்டுச்சொற்கள் களத்துக்கு வந்தன.

பழுப்பு நல்ல சொல். பழுத்த இலையின் நிறத்திலிருந்து வந்தது. தாள் பழுப்பேறும், வேட்டி பழுப்பேறும், நெய்வேலியில் வெட்டுவது பழுப்பு நிலக்கரி. இதை மஞ்சளோடு சேர்க்கும்போது எதை முன்னால் வைப்பது என்பதில் பலர் கவனம் வைப்பதில்லை. மஞ்சட்பழுப்பு என்றால் பழுப்பு, கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாய்ந்தது. பழுப்புமஞ்சள் என்றால் மஞ்சள், கொஞ்சம் பழுப்புப் பக்கம் சாய்ந்தது. மண்ணியலாளர் இதை விளையாட்டாக விட்டுவிட முடியாது. மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் கையில் வைத்திருக்கும், நிறங்களைக் கட்டம் கட்டமாக எண்ணிட்டுக் காட்டும் மன்செல் நிற அட்டையில் 10 ஒய்ஆர் 5/6 என்ற கட்டத்துக்குத் தமிழில் மஞ்சட்பழுப்பு என்றும், 10 ஒய்ஆர் 6/6 என்ற கட்டத்துக்குப் பழுப்புமஞ்சள் என்றும்தான் பெயர் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு படி வெளிச்ச வேறுபாடு. வயலில் ஈரமண்ணை உருட்டி அட்டையின் ஓட்டைக்குப் பின்னால் பிடித்துப் பார்ப்பவருக்கு இந்த இரண்டு பெயர்களும் போதும். பாடநூலில் நிறம் மட்டும் பேசப்படும் இடங்களில் இவற்றையே வைத்தேன். இவற்றின் குறை, மணமற்றவை என்பதுதான். அளவைக்கு உதவும், சித்திரத்துக்கு உதவாது. பழுப்புமஞ்சள் என்று படிப்பவர் இரண்டு நிறங்களை மனத்தில் எடுத்துத் தானே கலக்கிக்கொள்ள வேண்டும். மண் என்ற நினைவு எங்கேயும் வருவதில்லை.

அந்த நினைவைத் தருவதற்காக வந்தது மண்மஞ்சள். நான் புதிதாகக் கட்டியது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். யார் வேண்டுமானாலும் கட்டக்கூடிய எளிய சேர்க்கை. நிறத்தைச் சொல்கிறது, எதன் நிறம் என்பதையும் சொல்கிறது, சிவப்பை உள்ளே விடுவதில்லை. ஆனால் முதல்முறை இதைப் படித்துக் காட்டியபோது என் அத்தை, “அது எந்த ஊர் மஞ்சள்? முகத்துக்குப் பூசுவதா?” என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருக்கிறது. விரலி மஞ்சள், குண்டு மஞ்சள், கஸ்தூரி மஞ்சள், மரமஞ்சள் என்ற வரிசையில் மண்மஞ்சளும் கடையில் கிடைக்கும் ஒரு சரக்குபோலத்தான் ஒலிக்கிறது. தமிழில் மஞ்சள் என்பது நிறமாவதற்கு முன்பே கிழங்கு. எந்த அடையை முன்னால் சேர்த்தாலும் அது கிழங்கின் பக்கம் ஓடப் பார்க்கும். ஆகவே இச்சொல்லைத் தனியே விடக் கூடாது. ‘மண்மஞ்சள் நிற’ என்று நிறத்தைக் கூடவே கட்டி அனுப்ப வேண்டும். அப்படிக் கட்டிவிட்டால் அத்தைக்கும் புரிகிறது, ஓவியருக்கும் புரிகிறது. அவரிடம் இந்த வாசகத்தைக் கொடுத்தபோது மறுபேச்சின்றி சரியான குப்பியைத் திறந்தார்.

இதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. ஐரோப்பியச் சொல்லின் கிரேக்க மூலம் மண்ணைக் குறித்ததன்று. வெளிறிய மஞ்சள் நிறத்தை, அச்சத்தில் வெளுத்த முகத்தின் நிறத்தைக் குறித்தது. நிறத்தின் பெயரே பின்னர் மண்ணுக்கு ஆயிற்று. நம்மிடம் அந்த வெளிறலுக்குப் பசலை என்ற சொல் இருக்கிறது. சங்கப் பாடல்கள் அதைப் பீர்க்கம்பூவின் நிறத்தோடு ஒப்பிடுகின்றன. மண்ணுக்குப் பசலை என்று பெயரிடும் துணிவு எனக்கு இல்லை என்றாலும், காவி கல்லிலிருந்து நிறத்துக்கு வந்த வழியும், அந்த ஐரோப்பியச் சொல் நிறத்திலிருந்து மண்ணுக்குப் போன வழியும் எதிரெதிர்த் திசையில் இருப்பதைக் காணும்போது, ஒன்றுக்கு ஒன்று என்று நேரே வைக்க முடியாமல் போவதில் வியப்பில்லை.

ஓக்கர் என்று ஒலிபெயர்ப்பதை எளிதில் தள்ளிவிட எண்ணியிருந்தேன். ஓவியக் கல்லூரி மாணவரோ எழுதுபொருள் கடைக்காரரோ வேறு எந்தச் சொல்லையும் சொல்வதில்லை. ‘எல்லோ ஆக்கர் ஒரு டியூப்’ என்றுதான் கேட்பார்கள், கொடுப்பார்கள். அந்த வழக்கை மதிக்க வேண்டிய காரணமும் ஒன்று உண்டு. இன்று அப்பெயரில் விற்கும் குப்பிகள் பலவற்றில் இருப்பது தோண்டியெடுத்த மண் அன்று. ஆலையில் செய்த இரும்பு ஆக்சைடு. இயற்கை மண்ணுக்கு நிறமி எண் பிஒய் 43. செயற்கைக்கு பிஒய் 42. குப்பியின் முதுகில் சிறிய எழுத்தில் இருக்கும் இந்த எண்ணைப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும். பிஒய் 42 அடைத்த குப்பியை மஞ்சட்காவி என்று மொழிபெயர்த்தால் உள்ளே இல்லாத மண்ணை இருப்பதாகச் சொன்னதாகிவிடும். எனவே ஓவியப் பயிற்சி நூலில் குப்பியின் பெயர் வரும் இடத்தில் ஒலிபெயர்ப்பே நேர்மையானது. எழுத்துக்கூட்டில் மட்டும் பேச்சை அப்படியே பின்பற்ற வேண்டாம் என்று தோன்றியது. ‘ஆக்கர்’ என்றால் தோற்றவனின் பம்பரத்தில் குத்தி உண்டாக்கும் பள்ளம்தான் என் தலைமுறைக்கு நினைவு வரும். ஓக்கர் என்று எழுதுவது மேல். மற்ற இடங்களில் இதற்கு வேலையில்லை. ‘ஓக்கர் நிற வயிறு’ என்பது ஓவியருக்கு மட்டும் தெரிந்த குறிச்சொல்லாக நின்றுவிடும்.

ஒதுக்கிய மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துவர் அழகான சொல். தேவாரத்தில் பௌத்தத் துறவியரின் ஆடை துவராடை. ஆனால் அதன் நிறம் சிவப்பின் பக்கம், அதன் சுவை இன்று நாக்கில். கபிலம் இலங்கைப் பள்ளிப் புத்தகங்களில் பொதுவான பழுப்பைக் குறிக்கிறது. இலங்கை வாசகருக்கு எழுதினால் மஞ்சட்பழுப்புக்குப் பதிலாகக் கபிலத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், தமிழ்நாட்டு வாசகருக்குக் கபிலர்தான் நினைவுக்கு வருவார். தவிட்டு நிறம் பறவைகளுக்கு நன்றாகப் பொருந்தும், தவிட்டுக்குருவியே சாட்சி. ஆனால் அது மஞ்சள் குறைந்து சாம்பல் ஏறிய நிறம். புழுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த காக்கி நிறத்தளவில் கிட்டத்தில் நின்றாலும், சொன்னதும் காவலர்தான் வந்து நிற்பார்.

கடைசியில் மூன்று கையெழுத்துப் படிகளிலும் திருத்தம் செய்தேன். சுவரோவிய அறிக்கையில், அன்று யாரும் குறை சொல்லாவிட்டாலும், எல்லா இடத்திலும் மஞ்சட்காவி, செங்காவி என்று மாற்றினேன். பாடநூலில் பொருள் பேசப்படும் இடத்தில் ‘மஞ்சட்காவி கலந்த’. நிறம் பேசப்படும் இடத்தில் மன்செல் கட்டத்துக்கு ஏற்பப் பழுப்புமஞ்சள் அல்லது மஞ்சட்பழுப்பு. பறவைக் கையேட்டில் ‘மண்மஞ்சள் நிற’. பாடநூலின் ஒரு பெட்டிச் செய்தியில் மட்டும் கைவைக்காமல் விட்டேன். தானியங்களில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஓக்ரேசியஸ் என்ற பூஞ்சை தன் வித்துக்கூட்டத்தின் நிறத்தால் அப்பெயர் பெற்றது. 1965இல் அதிலிருந்து பிரித்தெடுத்த நச்சுக்கு அதன் பெயராலேயே ஓக்ராடாக்சின் என்று பெயர். அந்த நச்சு நிறமற்ற படிகம். அதற்கு மண்மஞ்சள் நஞ்சு என்று பெயர் வைத்தால், களஞ்சியத்தில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, தெரியாத தானியத்தை யாராவது சமைத்துவிடுவார்கள்.